யாருக்கும் கேட்காத விசில்

அந்தத் தெருக்காரர்களின் காது நல்ல காது. பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குரலை இறக்கிச் சண்டை போட்டால் இங்கே வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். யார் வீட்டுப் பெண் போனில் யாரோடு பேசினாள், பேச்சின் நடுவே எத்தனை தடவை சிரித்தாள் என்பது வரைக்கும் கேட்கும். ஆனால் நாலு நாளைக்கு முன்னால், மதியம் மூன்று மணி வாக்கில், கடைசி வீட்டுத் தையலம்மா உயிர் போகிற மாதிரி விசில் ஊதியது மட்டும் ஒருத்தர் காதிலும் விழவில்லையாம்.

உயிர் போகிற மாதிரி என்ன, போயே விட்டது.

கண்டக்டர் ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்தினார். பக்கத்தில் இஸ்திரி வண்டி ஒன்று அழுக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. பெட்டியில் கரி சாம்பலாகிக் கிடந்தது. அவர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இப்போது சம்சாரம் நடத்தும் துப்பறியும் ஆபீசில் உதவியாளர். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, யாரும் கேட்காத அபிப்பிராயத்தைச் சொல்வது, மூன்றும் அவர் பொறுப்பு. சம்சாரம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரியாத கடை எரிந்துவிட்டது என்று அழுபவர்களின் கண்ணீரைச் சோதித்துச் சோதித்துப் பொய்யின் வாசனை பழகிவிட்டது. ஊரெல்லாம் அவரை மேடம் என்றது. கண்டக்டரும் வெளியில் மேடம் என்றே கூப்பிடுவார். வீட்டிலும் அப்படித்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

பின்னாலேயே இஸ்திரிக்காரரின் மனைவி நடந்து வந்தாள். தெருவுக்குள் நுழையும்போது முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். வெயிலுக்கு அல்ல.

காலையில் அவள் ஆபீசுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான். அவள் புருஷன் வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது தெருக்கோடியிலிருந்து விசில் சத்தம் கேட்டது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். துணைக்கு ஆள் வேண்டும் என்று வழியில் இருந்த கேட்டையெல்லாம் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. கோடிக்கு வந்தபோது தையலம்மாவின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனால், மெஷின் காலடியில் அம்மா தலை உடைந்து கிடந்தார். தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தினார். அப்போதுதான் தெரு வந்தது. வந்த தெரு, ரத்தக் கறையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தது, வேறு யாரையும் தேடவில்லை. போலீஸ் வருவதற்குள் அவருடைய வலது கையை முறித்துவிட்டார்கள். தேய்க்கிற கை.

வண்டியில் இருந்த கரி கிளறும் கம்பிதான் ஆயுதம் என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போயிற்று. கைக்குக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் காவலில் வைத்திருந்தவரை நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. மேடம் போனில் பேசியபோது ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த ஆள் விசில் கேட்டு ஓடினேன் என்கிறான். தெருவில் இத்தனை வீடு இருக்கிறது, ஒருத்தருக்கும் கேட்கவில்லை. தையலம்மாவின் விசிலோ சுவரில் ஆணியில் சமர்த்தாகத் தொங்குகிறது. ஊதாத விசிலைக் கேட்டு ஒருத்தன் எப்படி ஓடுவான்?

"ஒரே ஒரு ஆள் மேடம். தெருக்காரங்கள்ல ஒரே ஒரு ஆள் 'எனக்கும் கேட்டுச்சு'ன்னு சொல்லட்டும். நான் கேஸைப் பிரிச்சுப் போட்டு முதல்லேருந்து பார்க்கறேன்."

ஒரே ஒரு ஆள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

இந்த விசில் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு வருஷமாகவே தெருவில் சில்லறைத் திருட்டு. ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் போனது, ஒரு வீட்டில் காஸ் சிலிண்டர், ஒரு வீட்டில் குழந்தையின் சைக்கிள். முதல் திருட்டு நடந்ததுமே போலீஸ் வந்து கூட்டம் போட்டது. நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம், நீங்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், நீங்கள்தான் எங்களுக்குக் கண், பார்த்ததைச் சொல்லுங்கள், கேட்டதைச் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டர் உருக்கமாகப் பேசினார். தெரு கைதட்டியது. அன்றைக்கே காவல் கமிட்டி பிறந்தது. செயலாளராக வந்தவர் கோடிக்கு முந்தின வீட்டுக்காரர், கிடங்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார். வாசல் நிலைக்குப் பக்கத்தில் அவரே தன் கையால் ஆணி அடித்தார். ஒரே வெல்டரை வைத்து எல்லா கேட்டுக்கும் ஒரே மாதிரி தாழ்ப்பாள் கம்பி போடவைத்தார். இரண்டு இரும்பு வளையத்துக்குள் தொங்கும் கனமான கம்பி. மற்ற நேரத்தில் மேலே தூக்கி மாட்டியிருக்கும். கேட்டுக்குக் கொண்டி மட்டும்தான். விசில் கேட்டால் கம்பியை இறக்க வேண்டும், அது தரையில் பதித்த கல் குழிக்குள் 'டங்' என்று உட்காரும். திருடன் எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து பின்சுவர் ஏறித் தப்ப முடியாது. இது விதியின் முதல் பாதி. இரண்டாவது பாதி, எல்லோரும் கேட்டருகே வந்து ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுத்து, கம்பியைத் தூக்கிவிட்டுச் சேர்ந்தாற்போல் தெருவில் இறங்குவது.

மாதாமாதம் ஒத்திகை நடந்தது. முதல் பாதியை மட்டும்தான் ஒத்திகை பார்த்தார்கள். கம்பி இறங்கியதும் செயலாளர் சபாஷ் என்பார், எல்லோரும் சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மேடம் முதலில் ஏறியது டீச்சர் வீடு. இஸ்திரிக்காரரின் மனைவி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது என்றார் டீச்சர். சொல்லும்போது மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பார்த்தார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் மதியத் தூக்கத்தில் இருந்தார். அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்று அவர் மனைவி பெருமையாகவே சொன்னாள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று மேடம் கேட்டதும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது. தானும் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். வக்கீல் குமாஸ்தா குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பார்த்தார் என்பது ஞாபகமில்லை.

எல்லா வீட்டிலும் மேடம் விசிலைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லா வீட்டிலும் அது நிலைக்குப் பக்கத்தில், ஒரே உயரத்தில், ஆணியில் தொங்கியது.

தெருவில் இறங்கியதும் கண்டக்டருக்கு அடக்க முடியவில்லை. "அந்த நேரத்துல இந்தத் தெருவுல மிக்ஸி ஓடியிருக்கு, குளியல் நடந்திருக்கு, தூக்கம் நடந்திருக்கு, டி.வி. ஓடியிருக்கு. கொலை ஒண்ணுதான் நடக்கலை போலிருக்கு மேடம்."

"பொய் சொல்றாங்க," என்றார் மேடம். "ஆனா கொலைகாரனைக் காப்பாத்தறதுக்கு இல்லை."

"பின்னே?"

"தங்களையேதான் காப்பாத்திக்கறாங்க. கேட்டுச்சுன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்?"

கண்டக்டர் யோசித்தார். அடுத்த கேள்வி என்ன என்பது அவருக்கும் தெரிந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

தையலம்மாவின் வீட்டுச் சாவி இன்ஸ்பெக்டர் அனுமதியோடு கிடைத்திருந்தது. ஒரே அறை, பின்னால் ஒரு சமையல் மூலை, அதற்கும் பின்னால் சின்ன முற்றம். மெஷினில் ஒரு பள்ளிச் சட்டையின் கை பாதி தைத்தபடி ஊசிக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள், கழுவாத இடம் எது என்று தெரிகிற மாதிரி கழுவியிருந்தார்கள். அளவு நாடா, சாக்கட்டி, ஊசி குத்திய பஞ்சுப் பந்து எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அளவுக்கு வெட்டிய அட்டைகள் மட்டும், கழுத்து, கை, பட்டி என்று கயிற்றில் கோத்த ஒரு கொத்து, மெஷின் மேசைக்குக் கீழே சிதறிக் கிடந்தது.

வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் விசில் தொங்கியது. நீல நூலில் முறுக்கிய கயிறு.

இஸ்திரிக்காரரின் மனைவி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அது அங்கே இருக்காதே என்றாள். தையலம்மா விசிலை ஒருநாளும் ஆணியில் மாட்டியதில்லை. அளவு நாடாவோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆபத்து வருகிறபோது ஆணிகிட்டே ஓடிப் போய் எடுக்க நேரம் இருக்குமா என்று கேட்பார். வாராவாரம் சோதிக்க வருகிற செயலாளர் இதற்காகவே அவரைத் திட்டுவார். ஆணியில் அட்டைக் கொத்தை மாட்டிவைத்திருக்கிறேன், உங்கள் ஆணி வீணாகவில்லை என்று அம்மா சிரிப்பார்.

மேடம் குனிந்து கீழே கிடந்த அட்டைக் கொத்தைப் பார்த்தார். நிமிர்ந்து ஆணியைப் பார்த்தார். மறுபடி கொத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்த ஆணி எதுக்குன்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எங்களுக்கு விசிலே குடுக்கலைங்க. தெருவுல வீடு இருக்கறவங்களுக்கு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. முனையில நிக்கறவங்க தெருக்காரங்க இல்லையாம்."

கண்டக்டர் இதற்கு ஒரு கிண்டல் வைத்திருந்தார். வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைக்காமல் நிற்பதைப் பார்த்து விழுங்கிவிட்டார்.

மேடம் பின் முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்ததாக இருக்கும் செயலாளர் வீட்டுக்கும் இதற்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான் என்றார். பிறகு கையை நீட்டி, சாவிக்கொத்தைக் கேட்டார்.

கண்டக்டரின் சாவிக்கொத்தில் அவர் பஸ்ஸில் ஊதிய பழைய விசில் கோத்திருக்கும். ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் டிப்போவில் ஒப்படைத்தவர் அதை மட்டும் ஒப்படைக்கவில்லை.

"நீங்க செயலாளர் வீட்டுக்குப் போய் உட்காருங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க."

"அதுக்கு எனக்குப் பயிற்சியா வேணும்?"

"காது மட்டும் தெருப்பக்கம் இருக்கட்டும்."

செயலாளர் கண்டக்டரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தலை படிய வாரியிருந்தது, சட்டைப் பையில் பேனா. சுவரில் போலீஸ், தீயணைப்பு, ஆஸ்பத்திரி நம்பர்கள் எழுதிய பலகை; அதற்குக் கீழே ஒரு டார்ச், ஒரு தடி; நிலைக்குப் பக்கத்தில் ஆணி, ஆணியில் விசில். அவர் மனைவி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். மெலிந்த பெண். சம்பவத்தன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தாளாம். ராத்திரி திரும்பி வந்த பிறகுதான் விஷயமே தெரியுமாம்.

செயலாளருக்குத் தையலம்மாவைப் பற்றி வருத்தம் இருந்தது. அதைவிடத் தெருவைப் பற்றி வருத்தம் இருந்தது. மக்களுக்கு அக்கறை இல்லை என்றார். ஆரம்பத்தில் கமிட்டிக் கூட்டத்துக்கு உட்கார இடம் இருக்காது. ரெண்டு மாதம் திருட்டு இல்லையென்றால் போதும், ஆள் வருவது நின்றுவிடும். ஒரு தடவை அவரும் அவர் நாற்காலியும் மட்டும்தான். கமிட்டியைக் கலைத்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நல்லவேளை, அந்த வாரமே டீச்சர் வீட்டு மோட்டார் போனது.

"நல்லவேளையா?" என்றார் கண்டக்டர்.

"சொல்றேன் சார், ஒரு பேச்சுக்கு. பட்டாத்தான் ஜனங்களுக்குப் புத்தி வருது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கூட்டத்துக்கு ஆள் குறையும், திருட்டு நடக்கும், மறுபடி எல்லாரும் ஓடி வருவாங்க."

"எங்க பஸ்ல நேர் எதிர் சார். ஆள் நெருக்கினாத்தான் பிக்பாக்கெட் ஏறுவான். உங்க திருடன் வினோதமா இருக்கான், ஆள் இல்லைன்னா வர்றான். கமிட்டி மேல ரொம்பப் பிரியம் உள்ளவனா இருப்பான் போல."

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். செயலாளர் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் வைத்திருந்தார். அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதைக் கண்டக்டர் ஒருமுறை தனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தார்.

பேச்சை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்கு விசில் உங்களுக்கும் கேட்கவில்லையா என்று கேட்டார்.

"எப்படி சார் கேட்கும்? நடுவுல அவங்க சமையல் சுவர், அப்புறம் எங்க சுவர். நானே ஊதிப் பார்த்திருக்கேன். அங்க ஊதினா இங்கே..."

விசில் ஊதியது.

நீளமாக ஒரு தடவை. அப்புறம் ஒரு தடவை. மூன்றாவது தடவை பாதியில் அறுந்தது. அது கண்டக்டரின் விசில். அவர் மூச்சைக் குடித்தே வளர்ந்த விசில். கூட்டத்தில் தன் பிள்ளை அழுகிற குரல் தெரிகிற மாதிரி அவருக்குத் தெரிந்தது. அவரை அறியாமல் வலது கை மணிக் கயிற்றைத் தேடி மேலே போனது.

போன கை அப்படியே நின்றது. ஏனென்றால் தெரு பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது.

டங்.

அது டீச்சர் வீடு. டங், அது எதிர்வீடு. இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மருந்துக்கடைக்காரர் வீடு. டங். டங். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. குளிக்கிறவர் வீட்டிலும் இறங்கியது, டி.வி. பார்க்கிறவர் வீட்டிலும் இறங்கியது. தெருமுனையிலிருந்து கோடி வரைக்கும் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் உட்கார்ந்தன. ஒத்திகையில்கூட இவ்வளவு சுத்தமாக நடந்திருக்காது.

அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு குரல் இல்லை. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கண்டக்டருக்குப் புரிந்தது. இந்த அமைதிக்குள்தான் அந்த ஆள் ஒவ்வொரு கேட்டாகத் தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறார்.

செயலாளர் நாற்காலியை விட்டு அசையவில்லை. அசைந்தது அவர் மனைவி. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். இரண்டு பேரையும் தாண்டி, படி இறங்கி, கேட்டருகே போய்க் குனிந்தாள். கை பழக்கமாக வளையத்தைப் பிடித்தது, கம்பியைத் தேடியது. மேல் வளையத்தில் துழாவியது. கீழ் வளையத்தில் துழாவியது. அவள் தரையைப் பார்த்தாள், செடித்தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏங்க, கம்பியைக் காணோமே."

செயலாளர் டீயை ஒரு வாய் குடித்தார். வெல்டரிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வெல்டர்கிட்டயா? எதுக்கு?" அவள் இன்னும் குனிந்தபடியே இருந்தாள். "ஞாயித்துக்கிழமைதானே துடைச்சு எண்ணெய் போட்டீங்க. வெண்ணெய் மாதிரி இறங்குது பாருன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினீங்களே."

மேடம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றிருந்தார், பின்னால் இஸ்திரிக்காரரின் மனைவி. மேடம் கொண்டியை விலக்கி ஒரு விரலால் தள்ளினார். கேட் திறந்துகொண்டது.

"இந்த நிமிஷம் இந்தத் தெருவுல திறக்கற ஒரே கேட் இதுதான்," என்றார். "கம்பி விஷயம் எனக்குத் தெரியாது சார், சத்தியமா. ஆணி விஷயம்தான் தெரியும். விசில் கேட்கும்னு காட்டறதுக்குத்தான் ஊதினேன். கம்பியை உங்க வீட்டம்மா கண்டுபிடிச்சாங்க."

ஆணி என்ன ஆணி என்று செயலாளர் எழுந்தார். விசில் ஆணியில் தொங்கியதைப் போலீசே பார்த்தது, ஊதியிருந்தால் அது எப்படி ஆணிக்குப் போகும் என்று கேட்டார். குரல் கமிட்டிக் குரலாக உயர்ந்தது.

"அதையேதான் நானும் கேட்கறேன். அந்தம்மா கழுத்துல கிடந்த விசில். அதைக் கழட்டி, ஆணியில இருந்த அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, அங்கே ஒழுங்கா மாட்டணும்னு யாருக்குத் தோணும்? இஸ்திரிக்காரருக்கு உங்க விசில் விதியும் தெரியாது, ஆணியும் தெரியாது. ஊதவே இல்லைன்னு காட்டணும்னா பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கலாம். ஆனா விசில் ஆணியிலதான் இருக்கணும், இல்லையா சார்? வாராவாரம் சொல்லிச் சொல்லிப் பழகின கை."

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. அவள் மெதுவாக நிமிர்ந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு பேசினாள். யாரிடம் பேசுகிறாள் என்று தெரியவில்லை.

"அன்னைக்குக் காலையில தையலம்மா வந்துச்சு. டீச்சர் வீட்டு மோட்டாரைக் கழட்டினது யாருன்னு பார்த்துட்டேன், போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு சொல்லுச்சு. யாருன்னு கேட்டேன். சொல்லலை. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம், மதியம் அவரை வரச் சொல்லும்மான்னு போயிடுச்சு."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் உங்ககிட்ட வந்து சொன்னேன். சொல்லிட்டுத்தான் மக வீட்டுக்குக் கிளம்பினேன்."

"வாயை மூடு," என்றார் செயலாளர்.

அவள் மூடவில்லை. மொட்டை மாடியில் பழைய தண்ணீர்த் தொட்டிக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டாள். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்ததாகச் சொன்னாள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. தான் இல்லாவிட்டால் இந்தத் தெரு என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்றார். முதல் திருட்டு நிஜத் திருட்டு, அது மறந்து போச்சா என்றார். ஞாபகப்படுத்த ஒருத்தன் வேண்டாமா? ஒன்றையும் விற்கவில்லை, ஒரு திருகாணிகூடக் குறையவில்லை, எல்லாம் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. குழந்தை சைக்கிளுக்குக் காற்றுகூட அடித்துத்தான் வைத்திருக்கிறார். எல்லாம் இவர்கள் நன்மைக்குத்தான். அந்தம்மாவிடம் கெஞ்சினேன், கேட்கவில்லை, கழுத்தில் கிடந்ததை எடுத்து ஊதிவிட்டாள் என்று சொல்லி நிறுத்தினார்.

கெஞ்சப் போகிறவர் கம்பியை எதற்கு எடுத்துக்கொண்டு போனார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

செயலாளரின் கண் கேட்டின் பக்கம் போனது. மேடம் நகரவில்லை. கண்டக்டர் எழுந்து, சுவரில் தொங்கிய தடிக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றார். வாழ்நாளில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறார். ஆனால் இப்போது சொல்ல ஒரு கிண்டல்கூடக் கிடைக்கவில்லை.

செயலாளரின் மனைவி படியேறி வந்தாள். நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்தாள். முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது ஊதல் தெருமுனை வரைக்கும் போனது. மறுபடி ஊதினாள். மறுபடி. புருஷனைப் பார்த்துக்கொண்டே ஊதினாள்.

தெரு பேசாமல் இருந்தது. கம்பிகளெல்லாம் ஏற்கெனவே இறங்கிவிட்டன. முதல் பாதி முடிந்துவிட்டது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அந்தத் தெருவுக்குத் தெரியவில்லை, ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அவள் மூச்சு வாங்க நின்றாள். இஸ்திரிக்காரரின் மனைவி கேட்டோரத்தில் நின்று, மூடிக் கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

கல்லிலிருந்து கம்பி உருவுகிற சத்தம் 'டங்' மாதிரி இருக்காது. கரகரவென்று, தயங்கித் தயங்கி வரும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டக்டருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு டீச்சர் வீட்டு கேட் திறந்தது.

டீச்சர் வெறுங்காலோடு நடந்து வந்தார். மேடத்தையும் பார்க்கவில்லை, செயலாளரையும் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரரின் மனைவிக்கு எதிரே வந்து நின்றார்.

"அன்னைக்கும் கேட்டுச்சு," என்றார். "கம்பியை இறக்கிட்டு கேட்டுக்குப் பின்னாலேயே நின்னேன். உன் வீட்டுக்காரர் வந்து தள்ளினார். அக்கா, அக்கா, திறங்கன்னு கத்தினார். மூச்சுக் காட்டாம நின்னேன். அவர் போற வரைக்கும் நின்னேன்."

அந்தப் பெண் அழுவாள், திட்டுவாள், காறித் துப்புவாள் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். அவள் தலையில் கிடந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட வந்து சொல்வீங்களாக்கா?"

டீச்சர் தலையாட்டினார். அதற்குள் எதிர்வீட்டில் கரகரத்தது. அப்புறம் இந்தப் பக்கம். மருந்துக்கடைக்காரர் வந்தார், குமாஸ்தா வந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. செயலாளர் வீட்டு வாசலில் சுவர் மாதிரி நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லை, அடிக்க யாரும் கை ஓங்கவும் இல்லை. செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கமிட்டிக் கூட்டத்துக்கு இவ்வளவு பேர் வந்து ரொம்ப நாளாகியிருக்கும்.

நாலு நாள் தாமதமாக அந்தத் தெரு வெளியே வந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். போலீஸ் வந்து மாடித் தொட்டியைத் திறந்தபோது, துணி சுற்றிய சாமான்களுக்கு அடியில் கம்பியும் கிடந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

மேடம் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண்டக்டர் விசிலைச் சட்டையில் துடைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஏதாவது சொல்வார்.

"அந்தக் கை சரியாகுமா?" என்று மட்டும் கேட்டார் கண்டக்டர்.

மேடத்துக்குத் தெரியவில்லை.

டீச்சரும் இஸ்திரிக்காரரின் மனைவியும் முன்னால் நடந்து தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் கேட்டைச் சாத்தாமலே போயிருந்தார்.